தம்பி போடச் சொன்ன ஓட்டை

பெருநகர்,
ஆடி 3, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி ஸ்ரீகாந்துக்கு, அக்கா குணசுந்தரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் மாடியில் இருக்கிற பன்னிரண்டு வாளிக் கீரையும் சௌக்கியம். கீரையை நான் கடைசியில் சொன்னாலும் நீ முதலில் தேடுவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். ஓசூரில் உனக்கும் அனுஷாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன் முடித்துக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

நீ கேட்டது நான்கு வரி. "அக்கா, நான் செஞ்சு குடுத்த சொட்டுநீர்த் தொட்டி நல்லா வேலை செய்யுதுன்னு நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு, மாமனார்கிட்ட காட்டணும்" என்று போனில் சொன்னாய். உன் மாமனார் பாண்டுரங்கன் அவர்கள் ஏரி மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வாயால் சொல்வதும் வாட்ஸ்அப்பில் வருவதும் அவரிடம் செல்லாது, தாளில் மை காய்ந்திருக்க வேண்டும். வாலாஜாபாத் சாலையில் சும்மா பூட்டிக் கிடக்கும் அவருடைய கொட்டகையை உனக்குக் கொடுத்தால்தான் நீ கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொட்டிகளைச் செய்து விற்க முடியும். என் நான்கு வரியைப் படித்துவிட்டு, வருகிற புதன்கிழமை தென்னேரியிலிருந்து நேரிலும் வந்து, எங்கள் மாடியேறிப் பார்த்த பிறகுதான் சாவியைப் பற்றியே பேசுவார். எல்லாம் எனக்குப் புரிகிறது. எழுதத்தான் மத்தியானம் பாத்திரம் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அது பொய்யில்லை. ஆனால் அந்த "நன்றாக" வந்து சேர்வதற்குள் இரண்டு மோட்டாரும் ஒரு பாய் கேழ்வரகும் முதல் கீரை முழுவதும் போயிருக்கின்றன. அதையெல்லாம் உன் மாமனாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது. போனில் சொல்லலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்தில் "அக்கா, மீட்டிங்" என்கிறாய். கடிதம் என்னை அப்படி நடுவில் வெட்டாது.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம் வாளிகளை வரிசையாக வைத்து, தேங்காய் நார்த்தூள் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய குழாய் இழுத்து, நீல டிரம்மைத் தரையில் வைத்து உரத்தண்ணீர் கலக்கி, உள்ளங்கையளவு மோட்டாரை அதில் முக்கி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி ஓடுகிறாற்போல் டைமர் வைத்துக் கொடுத்துவிட்டு, டிரம் மட்டும் வாளிகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினாய். அந்த பஸ் காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் உன் மாமா டிரம்மை மூன்று முறை சுற்றி வந்துவிட்டார். மாடியில் இருக்கிற தண்ணீர் எதுவானாலும் அது ஓவர்ஹெட் டேங்க். ஓவர்ஹெட் டேங்க் கன்னிமூலையில், மாடியிலேயே உயரமாகத்தான் இருக்க வேண்டும். இது இவர் கட்சி. நான் புத்திசாலித்தனமாக, இது டேங்க் இல்லை, தாழ்வாக இருப்பதால் தரைத்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தரைத்தொட்டி என்றால் ஈசானிய மூலையில் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டுமாம். மொட்டை மாடியில் பள்ளம் தோண்டினால் அது சமையலறையில் வந்து நிற்கும் என்பதையும் அவரே சொன்னார், ஆகவே இது டேங்க்தான் என்று அவரே முடித்தார். மறுநாள் விடியற்காலையிலேயே கன்னிமூலையில் சிமெண்டுக் கல் அடுக்கி மேடை கட்டி, டிரம்மை ஏற்றி, மஞ்சள் தடவிப் பொட்டும் வைத்தாயிற்று. டிரம் இடுப்புயரத்தில், வாளிகள் முழங்காலுக்குக் கீழே. ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிற மனிதர் அவர். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதில் அவருக்கு என்ன தப்புத் தெரியப்போகிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள் நான். சைஃபன் எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் போட்டு, அம்புக்குறி இட்டு, ஐந்துக்கு நாலரை வாங்கியிருக்கிறேன். அந்த அரை மதிப்பெண் எதற்குக் குறைத்தார்கள் என்பது இருபத்து நாலு வருஷம் கழித்து மாடியில்தான் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. ஆறேகாலுக்கு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. டிரம்மின் விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்குகிற குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கிறது, இறங்குகிற பக்கம் தாழ்வாக இருக்கிறது, அதனால் முன்னால் விழுகிற தண்ணீர் பின்னால் இருக்கிற தண்ணீரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறது. டீசல் கேனில் டியூபை விட்டு வாயால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் அதுபாட்டுக்கு டிராக்டருக்கு இறங்குமே, அதேதான். இங்கே வாயால் இழுக்கிற வேலையை மோட்டார் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இவருக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டி, "குணா, இங்க வந்து பாரு. கரண்டே இல்லாம வந்துகினு கீது. உன் தம்பி இன்னாமோ டைமர் கியமர்ன்னான், நான் மேடை கட்னதுக்கு அப்பால மிசினே தேவைப்படல" என்றார். தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு மேலே ஏற்றிக் காட்டினார். அவர்களும் மேடையைத் தட்டிப் பார்த்து, கைராசி என்றார்கள். பிறகு நல்ல பிள்ளையாகப் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு வயலுக்குப் போனார். டிரம் முழுவதும் வாளிகளுக்குள் இறங்கி, வாளிகளின் அடி ஓட்டை வழியாக மாடியில் பரவி, மழைநீர் வெளியேறும் தண்ணீர்த் தாரை வழியாகப் பக்கத்துச் சந்தில் கொட்டியது. சந்தில் அடுத்த வீட்டு ஆதிலட்சுமி அக்கா கூழுக்குக் கேழ்வரகைக் கழுவிப் பாயில் காயப்போட்டிருந்தார். ஒன்பது மணிக்கு டைமர் தன் கடமையைச் செய்தது. காலி டிரம்மில் மோட்டார் சுற்றோ சுற்றென்று சுற்றி, கருகிய வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் ஆதிலட்சுமி அக்கா ஒரு முறத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். உரத்தண்ணீரில் நனைந்த கேழ்வரகு ஒன்றுவிடாமல் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. உன் உரக்கலவைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் என்னால் எழுத முடியாது, ஆனால் அந்த அம்மாள் கையெழுத்துப் போடுகிற மனநிலையில் இல்லை.

உனக்குப் போன் செய்தேன். குழாய் வளைவின் உச்சியில், டிரம் பக்கமாகப் பார்த்து, ஒரு சின்ன ஓட்டை போடு, காற்று உள்ளே போனால் தண்ணீர் அறுந்துவிடும் என்று சொல்லிவிட்டு மீட்டிங் போய்விட்டாய். நான் கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். யோசித்துப் பார்த்தால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஏதாவது ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கூரை, குடம், மூட்டை, குழந்தைகளின் கால்சட்டைப் பை, வீட்டுப் பேச்சு வெளியே போகிற வழி, எல்லாம். நல்ல குழாயில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை போடுவது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். ஆனால் புது மோட்டாரை ஓடவிட்டபோது அந்த ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர் வளைந்து, டிரம்முக்குள்ளேயே விழுந்தது. ஒரு சொட்டுக்கூட வீண் இல்லை. கால்மணி கழித்து மோட்டார் நின்றதும் "சுர்" என்று காற்றை உறிஞ்சும் சத்தம், அவ்வளவுதான், வாளிகளில் சொட்டு நின்றது. நான் தனியாக நின்று கை தட்டினேன். சந்திலிருந்து ஆதிலட்சுமி அக்கா மேலே பார்த்தார்.

நீ அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாய். அதைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வாக்கியமும் சொல்லவில்லை.

முதலில் அடைத்தவர் உன் மாமா. நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, ஏழு சுற்றுச் சுற்றி, எலும்பு முறிந்த கைக்குக் கட்டுப் போட்டதுபோல் கட்டிவைத்திருந்தார். எனக்கு ஒத்தாசையாம். நான் காலண்டர் தாளின் முதுகில் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, நாலரை மதிப்பெண் விளக்கத்தை முழுதாகச் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டார். காத்து போவணும், அவ்ளோதானே, என்றார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் கட்டு. கேட்டதற்கு, "காத்து போவட்டும்னு இந்த வாட்டி லூசாத்தான் கட்டி கீறேன்" என்றார். அடுத்தவர் ஏசுதாஸ். உத்திரமேரூர் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, டைமரின் ஒயர் சரியில்லை என்று அவரை வரவழைத்தோம். ஒயரைச் சரி செய்து, டீ குடித்து, படியிறங்கப் போனவர் திரும்பிப் போய், பையிலிருந்து எம்சீலை எடுத்துப் பிசைந்து, ஓட்டையின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழகாக வழித்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. தொழில் தர்மம். அது கல்லாக இறுகிவிட்டதால் நான் பக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டு, அட்டையில் கொட்டை எழுத்தில் "இதை அடைக்க வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிட்டேன். அதுவரை கவனிக்காதவர்கள்கூட அட்டையைப் படித்துவிட்டு, எதை என்று தேட ஆரம்பித்தார்கள். ஏசுதாஸ் இன்னொரு நாள் வந்தபோது அட்டையைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். "எழுதி மாட்டிட்டா லீக்கு லீக்கு இல்லன்னு ஆயிடுமா மேடம்" என்று கேட்டார்.

வைகாசியில் புள்ளலூரில் ஒரு கல்யாணம், நாங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். அன்றைக்குக் கறிவேப்பிலை பறிக்க வெளிப்படி ஏறி மாடிக்கு வந்த ஆதிலட்சுமி அக்கா, டிரம்மில் நூலாக விழும் தண்ணீரைக் கண்டு, கேழ்வரகுக் கோபத்தையும் மறந்து, ஒரு வேப்பங்குச்சியைச் சீவி ஓட்டையில் இறுக்கிச் செருகியிருக்கிறார். அதை அந்த அம்மாளே என்னிடம் பெருமையாகச் சொன்னார். "பொம்பள கை கீற வூட்ல பைப்பு ஒழுகலாமா குணா? லட்சுமி எப்டி தங்குவா?" என்றார். நாங்கள் சாயங்காலம் திரும்பி வந்தபோது டிரம் வறண்டு, இரண்டாவது மோட்டாரும் கருகி, நாள் முழுவதும் வெயிலில் நின்ற இருபது நாள் சிறுகீரை பன்னிரண்டு வாளியிலும் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. மண்ணில் இருந்தால் ஒரு நாள் தாங்கியிருக்கும். நார்த்தூளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அன்று நீ போன் செய்தபோது "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னேனே, அது இந்த வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சொன்னது. இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இவ்ளோ பேஜார் இன்னாத்துக்கு குணா, கீரைதானே, ஒரு கட்டு வாங்கிக்கினா போவுது" என்று மெதுவாகச் சொன்னார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். பரிவாகச் சொன்னதால் அழுகை வந்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யார்மேல் கோபப்படுவது? ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தில் அடைக்கவில்லை. ஏரிக்கரையில் தண்ணீர் கசிவதைப் பார்த்த பிறகும் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வைக்காமல் போகிறவனை இந்தப் பக்கத்தில் மனிதனாகவே சேர்க்க மாட்டார்கள். கரை யாருடையது என்று கேட்பதில்லை, முதலில் அடைப்பு, பிறகுதான் விசாரணை. அப்படி வளர்ந்த கைகள் இவை. என் ஓட்டையைப் பார்த்தாலும் அந்தக் கைகள் சும்மா இருக்காது. மோட்டாருக்குப் பதிலாக இந்த ஊரையே மாற்ற முடியுமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

வழி சொன்னது செங்கேணி. எங்கள் வயலுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் பத்துப் பெண்களைச் சேர்த்து அழைத்து வருவாளே, ஊர் ஓரக் காலனியில் இருக்கிறாள், நீகூடப் பார்த்திருக்கிறாய். எந்த நாளில் களைக்கு வருவது என்று கேட்க வந்தவள், நான் மாடியில் கோணி ஊசியோடு மூன்றாவது ஓட்டை போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, "இன்னாம்மா, பைப்புக்கு ஊசி போட்டுகினு கீற, ஜுரமா?" என்றாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் பாதியில் அறிவுரை ஆரம்பித்திருப்பார்கள். அவள் டீ ஆறும்வரை கேட்டாள். புதிதாக வாங்கிப் போட்டிருந்த மூன்றாவது மோட்டாரை ஓடவிட்டு நிறுத்திக் காட்டச் சொன்னாள், ஓட்டையின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள்.

"அடைக்கறவங்க மேல தப்பு இல்லம்மா" என்றாள். "ஓட்டை ஓட்டை மாதிரியே கீது, அதான் அடைக்கறாங்க. எங்க காலனி தண்ணி டேங்க்கு பைப்புல, மேல ஒண்ணு மொட்டையா வாயத் தொறந்துகினு நிக்குது. பத்து வருசமா நிக்குது. எவனாச்சும் அத்த அடைச்சானா? ஏர் பைப்புன்னு ஒரு பேர வெச்சிட்டாங்க, அவ்ளோதான், எல்லாம் கம்முன்னு போறாங்க. நீயும் ஓட்டைய தூக்கி ஒசரத்துல வெய்யி."

ஸ்ரீகாந்த், எனக்கு அந்த அரை மதிப்பெண் அப்போதுதான் கிடைத்தது. ஓட்டை என்றால் குறை, குழாய் என்றால் வேலைப்பாடு. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே காற்றுதான். மறுநாளே ஏசுதாஸை வரவழைத்தேன். குழாய் வளைவின் உச்சியில் டீ எழுத்து வடிவத்தில் ஓர் இணைப்பு வைத்து, அதிலிருந்து மூன்றடி உயரத்துக்கு நேராக ஒரு குழாயை நிறுத்தி, மேல்வாயைத் திறந்தே விட்டார். மோட்டார் ஓடும்போது அந்தக் குழாயில் தண்ணீர் கொஞ்ச தூரம் ஏறி நிற்கும், வெளியே வராது. நின்றால் காற்று இறங்கும், ஓட்டம் அறும். பழைய ஓட்டைகள் இருந்த துண்டைத் தன் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு, "ஏர் பைப் வெச்சி கீறேன் மேடம், இனிமே லீக் ஆவாது" என்றார். நான் திருத்தவில்லை. உன் மாமா வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப் போய், மேடைக்கு அடுத்தபடியாக ஏர் பைப்பைக் காட்டுகிறார். ஆதிலட்சுமி அக்கா அண்ணாந்து பார்த்து, "ஏர் பைப்பா, அத்த மொதல்லயே வெச்சிருக்கலாம் இல்ல" என்றார். இன்றோடு இருபத்து மூன்று நாள். ஒருவர் கை அதில் பட்டதில்லை. கீரை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நேற்றுப் பறித்துக் கடைந்தேன். இவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

ஆகவே இப்போது முழு மனதோடு எழுதுகிறேன். உன் மாமனாருக்கான தனித்தாளில் இருப்பதை இங்கேயும் தருகிறேன், சரியா என்று பார்த்துக்கொள்:

"என் தம்பி செய்து கொடுத்த சொட்டுநீர்த் தொட்டி எங்கள் மாடியில் நன்றாக வேலை செய்கிறது. மோட்டார் நின்றால் தண்ணீரும் உடனே நிற்கிறது. ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் பிறகு யாரும் கை வைக்க வேண்டியதில்லை, ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. படித்த பெண்கள் இருக்கும் வீட்டில் எந்தக் கவலையும் இன்றி இதை வைக்கலாம். இப்படிக்கு, தி. குணசுந்தரி, பி.எஸ்சி."

கடைசி வரி கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. பிறகு, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பட்டத்தை எழுத வாய்ப்பு வருகிறது என்று விட்டுவிட்டேன். அனுஷாவுக்கு என் அன்பைச் சொல். ஆடிக் காற்று இங்கே புழுதியை வாரி இறைக்கிறது, ஓசூரில் எப்படியோ, காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு. உன் கொட்டகை கதவு திறக்கிற நாளில் முதல் கீரைக்கட்டு என் கையால் வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா குணசுந்தரி.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. நல்லதாகப் போயிற்று. உன் மாமனார் புதன்கிழமைக்குப் பதில் இன்று காலை ஆறரைக்கே வந்துவிட்டார். சொன்ன நாளில் போனால் மதகைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள் என்பது அவர் வேலையில் கற்ற பாடமாம். சந்து வழியாக வந்தவரின் தலையில், தோளில், கையிலிருந்த ஆப்பிள் பையில், நம்முடைய தண்ணீர்த் தாரை முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஓடிய மோட்டார் ஆறேகாலுக்கே நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் தண்ணீரோடு இருந்த மனிதர், ஒதுங்காமல் அண்ணாந்து தாரையைப் பார்த்தார், நேராக மாடிக்கு ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஏர் பைப்பின் வாயில் ஒரு பாலித்தீன் கவர் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. உறிஞ்சின உறிஞ்சில் உள்ளே குழிந்து, கன்னம் ஒட்டிய கிழவர் மாதிரி இருந்தது. நான் விருந்தாளி இருப்பதையும் மறந்து உன் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். என்ன வார்த்தையெல்லாம் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். இவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ரப்பர் பேண்ட்ட பாரு குணா" என்றார். நான்கு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, கவரின் முனை மடித்து உள்ளே செருகல். இட்லி மாவுப் பொட்டலத்துக்கு இந்த வீட்டில் அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான். நேற்று இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு கொடியில் துணி எடுக்கப் போனேன். புழுதிக் காற்று. பைப் வாயைத் திறந்துகொண்டு நின்றது. திறந்திருப்பதை மூடாமல் வந்து எனக்குப் பழக்கம் இல்லை. கை தானாகவே செய்திருக்கிறது, பி.எஸ்சி-க்குத் தகவல் சொல்லாமல்.

உன் மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று ஓட்டை, சைக்கிள் டியூப், எம்சீல், வேப்பங்குச்சி, எல்லாவற்றையும். உன் கொட்டகை போயிற்று என்றே நினைத்தேன். உன் மாமனார் ரப்பர் பேண்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரம்மின் அடியைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். பிறகு நான்கு வரித் தாளைக் கேட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பேனா வாங்கி, ரிப்பேருக்கே இடமில்லை என்ற மூன்றாவது வரியை மட்டும் ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் சிறு கையெழுத்தும் தேதியும் போட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "செஞ்சி விக்கறதுக்குன்னா கொட்டாய் தர மாட்டேம்மா" என்றார். "பத்து பேரு வாங்குவான், அப்பால ஆளு இல்லாம பூட்டிக்கினு கெடக்கும். ஆனா வாங்குனவன் வூட்ல எவனாச்சும் ஒருத்தன் அடைச்சிக்கினே இருப்பான். படிச்சவங்களே அடைக்கறாங்க. ரிப்பேர் கடைன்னா சொல்லு, நூறு வருசத்துக்கு வேலை கீது."

ஆவணி ஒன்றாம் தேதி தென்னேரிக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். போர்டில் "விற்பனை" என்பது சின்ன எழுத்திலும் "ரிப்பேர்" என்பது பெரிய எழுத்திலும் இருக்க வேண்டுமாம்.